தைலமரக் காட்டுக்குள் கையாலேயே சைக்கிள் பாதையும் ஜம்பும் கட்டலாமா?

காரைக்குடிக்குப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஊரை ஒட்டி ஒரு தைலமரக் காடு, நான்கு நண்பர்கள், நான்கு பேரிடமும் எம்டிபி, அதாவது கரடுமுரடான பாதையில் ஓட்டுகிற மவுண்டன் சைக்கிள். ஜேசிபி வைக்கக் காசில்லை, மண்வெட்டியும் கடப்பாரையும் இருக்கிறது. காட்டுக்குள் ஒரு பாதை வெட்டி அதில் நாலைந்து ஜம்ப், அதாவது சைக்கிளோடு தாவுகிற மண்மேடு, வைக்க வேண்டும், எத்தனை அடி உயரம், என்ன சாய்வு என்பது கேள்வி. உயரத்தைக் கேட்டாலும் உள்ளே மூன்று கேள்வி இருக்கிறது: அந்த இடத்தில் மண்ணை வெட்டலாமா, வெட்டியது அடுத்த ஐப்பசி மழைக்கு நிற்குமா, விழுந்தால் கை கால் மிஞ்சுமா. உயரம் கடைசிக் கேள்விக்குள் வருகிற சின்ன விஷயம்.

நான் சிவில் டிப்ளமோ படித்தவன். தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் கண்மாய்க் கரை பலப்படுத்துவது, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்காலைத் தூர்வாருவது, கிராவல் சாலை போடுவது என்று மண்வேலையிலேயே பிழைப்பு ஓடுகிறது. சைக்கிள் பைத்தியம் தனி. உறவினர் ஒருவருடைய முந்திரித் தோப்பில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு ஒற்றையடிப்பாதையை வருஷக்கணக்காக வெட்டி, திருத்தி, ஓட்டி வருகிறோம். ஆகவே மண், தண்ணீர், சரிவு பற்றி நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சட்டம் பற்றிச் சொல்வது ஒப்பந்தக்காரன் அறிவு, வக்கீல் அறிவு இல்லை. நடுவில் வெறும் பள்ளம் விட்டுப் பதினைந்து இருபது அடி தாண்டுகிற கேப் ஜம்ப் பற்றி வாயே திறக்கப் போவதில்லை, அதைக் கட்டி ஓட்டியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் இடம். தைலமரம் நிற்கிறது என்பதால் அது யாரோ ஒருவர் தோப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நம் பக்கம் தைலமரம் தனியார் பட்டாவிலும் இருக்கிறது, வனத்துறைக் காட்டிலும் இருக்கிறது, தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் வளர்ப்பதிலும் இருக்கிறது. அந்தக் கழகம் 1974இல் திருச்சியைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய அரசு நிறுவனம், புதுக்கோட்டை மாவட்டத்தில் அவர்களுக்குத் தைலமரமும் முந்திரியும் ஏராளம். காப்புக்காடு என்றால் 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டத்தின் கீழ் அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதே குற்றம், மண் வெட்டுவதும் மரம் கழிப்பதும் அதற்கு மேல். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு, வெறுமனே நடந்து போவதற்கே தனி விதி வந்துவிட்டது. கடப்பாரையோடு போகிறவனை யார் விடுவார்கள்? கிராம நிர்வாக அலுவலரிடம் போய் சர்வே எண் சொல்லி, ஊரின் நிலமெல்லாம் யார் பெயரில், என்ன வகை என்று எழுதியிருக்கிற அ பதிவேட்டில் அந்த நிலம் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். காப்புக்காடு என்றிருந்தால் அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டு வேறு இடம் தேடுங்கள். மேய்ச்சல் புறம்போக்கு, கண்மாய்ப் புறம்போக்கு, கோயில் நிலம் இவையும் வேண்டாம். அய்யனார் கோயில் காடு என்றால் அங்கே ஒரு குச்சியைக்கூட ஒடிக்க ஊர் விடாது, அந்தக் கட்டுப்பாட்டால்தான் அந்த மரங்களே இன்னும் நிற்கின்றன.

மிஞ்சுவது பட்டா நிலம். அதிலும் செட்டிநாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தோப்பு பெரிய வீட்டுக்காரர்களுடையதாக இருக்கும், பங்காளிகள் ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் ஊரில் இருப்பார். ஊரில் இருக்கிறவர் 'தாராளமா செய்யுங்க தம்பி' என்று சொல்லிவிடுவார். அது அவர் பங்குக்கு மட்டும்தான் அனுமதி. பாகம் பிரிக்காத நிலம் என்றால் மற்றவர்களிடமும் ஒரு வார்த்தை வாங்குங்கள், முடிந்தால் எழுதி வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி. தைலமரம் ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை வெட்டுக்கு வரும், அப்போது லாரி உள்ளே வந்து உங்கள் பாதையை உழுதுவிட்டுப் போகும். எந்த வருஷம் வெட்டு என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். கனடாவில் வான்கூவரை ஒட்டிய மலைகளில் ஆட்கள் திருட்டுத்தனமாகக் காட்டுக்குள் பாதை கட்டித்தான் உலகப் புகழ் வாங்கினார்கள், உண்மை. ஆனால் நிலத்துக்குப் பொறுப்பானவர்களோடு உட்கார்ந்து பேசிய பிறகுதான் அந்தப் பாதைகளுக்கு நிம்மதி வந்தது. நமக்கு அந்தத் திருட்டு அத்தியாயம் வேண்டாமே.

சரி, இடம் கிடைத்துவிட்டது என்று வைப்போம். இனி நான் சொல்வது ஒரே ஒரு விஷயம்தான், மற்றதெல்லாம் அதன் கிளைகள். பாதை கட்டுவது என்பது முக்கால்வாசி தண்ணீரை எங்கே அனுப்புவது என்ற வேலை. சைக்கிள் டயர் பாதையைக் கெடுப்பதைவிட மழை பல மடங்கு கெடுக்கும், நம் ஊர் மழையோ வருஷத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் என்றாலும் அதில் கணிசமான பகுதி ஐப்பசி கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டுகிற ரகம். மழை முடிந்த மறுநாள் காலையில் ஒரு வெட்டவெளிச் செம்மண் தரையில் குனிந்து பாருங்கள். கூழாங்கல் ஒவ்வொன்றும் விரல் கனத்துக்கு ஒரு சின்ன மண் தூண்மேல் உட்கார்ந்திருக்கும். கல்லுக்குக் கீழே இருந்த மண் மட்டும் தப்பித்தது, சுற்றியிருந்தது துளி விழுந்து தெறித்தே போய்விட்டது. ஓடுகிற தண்ணீர் வருவதற்கு முன்னாலேயே நடக்கிற சேதம் இது. நீங்கள் இலைச் சருகை வாரித் தள்ளி, புல்லைச் செதுக்கி, மண்ணை வெளியே காட்டினால் அந்த இடம் முழுக்க இதுதான் நடக்கும். ஆகவே பாதையின் அகலத்துக்கு மேல் ஒரு சாண்கூடச் சுத்தம் செய்யாதீர்கள்.

உலகம் முழுக்க ஓரளவு எல்லாரும் ஏற்றுக்கொண்ட சில விதிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1988இல் தொடங்கிய சர்வதேச மவுண்டன் பைசைக்கிளிங் சங்கம் பரப்பியவை. பாதையின் ஏற்ற இறக்கம், அது குறுக்கே போகிற சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் போகக் கூடாது. மொத்தப் பாதையின் சராசரி 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பாதையின் வெளி ஓரம் உள் ஓரத்தைவிட 5 சதவீதம் தாழ்ந்து வாட்டமாக இருக்க வேண்டும், அதாவது 3 அடி அகலத்துக்கு ஏறத்தாழ 2 அங்குலம். 20 முதல் 50 அடிக்கு ஒருமுறை பாதை ஒரு சின்ன ஏற்றம் எடுத்து இறங்க வேண்டும், அந்தத் தாழ்வில் தண்ணீர் பாதையை விட்டு வெளியே போய்விடும். இந்த நான்கையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னது மட்டும் இருந்து மற்ற மூன்றும் தவறினாலும் பாதை ஓரளவு பிழைக்கும், மற்ற மூன்றும் இருந்து கடைசி இல்லாவிட்டால் இரண்டு மழையில் பாதை வாய்க்கால் ஆகிவிடும்.

இந்த விதிகள் மலைக்காரர்கள் எழுதியவை, காரைக்குடிக்காரர்கள் எழுதியது இல்லை. நம்மிடம் பிரான்மலையும் குன்றக்குடியும் திருமயமும் இருக்கிறது என்று சொல்வீர்கள். அதெல்லாம் கோயிலும் கோட்டையும் உள்ள பாறை, திருமயம் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, அங்கே மண்வெட்டிக்கு வேலை இல்லை. மற்ற இடமெல்லாம் 100 அடி நடந்தால் நாலைந்து அடி இறங்குகிற தரை. 4 சதவீதச் சரிவில் பாதி என்றால் 2 சதவீதம், கண்ணுக்கே தெரியாது. சரிவு குறைவாக இருப்பதால் தண்ணீர்ப் பிரச்சினை இல்லை என்று தோன்றும், அதற்கு நேர்மாறாகத்தான் நடக்கும். சமதரையில் சைக்கிள் போகப் போகப் பாதை அமுங்கும், சுற்றியுள்ள தரையைவிட ஒரு அங்குலம் தாழ்ந்தாலே தண்ணீருக்கு வேறு போக்கிடம் கிடையாது, பாதையிலேயே தேங்கும், தேங்கியதைச் சுற்றி எல்லாரும் ஓட்டிப் பாதை ஆறடி அகலமாகும். ஆகவே நம் ஊரில் பாதையை வெட்டாதீர்கள், ஏற்றுங்கள். இரண்டு பக்கமும் ஒதுங்கி, குறைந்தது இரண்டு அடி தள்ளி, ஆழமில்லாத பள்ளங்களில் மண் எடுத்து நடுவில் நாலைந்து அங்குலம் உயர்த்தி, ஒரு பக்கமாக வாட்டம் விடுங்கள். அந்தப் பள்ளங்கள் தொடர்ச்சியாக இருக்கக் கூடாது, விட்டுவிட்டு இருக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே ஒரு ஓடையாகிவிடும்.

இன்னொன்று, இதில் எனக்குச் சமரசமே கிடையாது. நம் பக்கத்தில் சும்மா கிடக்கிற எந்த நிலமும் ஏதோ ஒரு கண்மாய்க்கோ ஊருணிக்கோ தண்ணீர் அனுப்புகிற நிலம்தான். காய்ந்து கிடக்கும்போது வரத்துக்கால் ஒரு அழகான வளைந்த பள்ளம், சைக்கிள் ஓட்டக் கூப்பிடும். அதில் ஒரு மேடு வைத்தீர்கள் என்றால் ஒரு ஊரின் பாசனத்தில் கை வைத்தீர்கள். தைலமரம் நிலத்தடி நீரைக் குடிக்கிறது, தோட்டத்தில் வெட்டிய குழிகள் கண்மாய் வரத்தைத் தடுக்கின்றன என்று விவசாயிகளுக்கு ஏற்கெனவே ஆத்திரம் இருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் நாலு பேர் மண்வெட்டியோடு போய் நிற்காதீர்கள். கண்மாய்க் கரையும் அப்படித்தான், ஓட்டிப் பார்க்க ஆசை வரும், கரையின் சரிவில் சக்கரத் தடம் விழுந்தால் மழைத் தண்ணீர் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு கரையை அரிக்கும். அந்த அரிப்பை அடைக்கிற வேலையைச் செய்கிறவன் என்பதால் சொல்கிறேன்.

பாதையைக் குறிப்பதற்கு நல்ல நேரம் ஐப்பசி. குடையோடு போங்கள், மழை பெய்யும்போதே தண்ணீர் எங்கே சேர்கிறது, எங்கே ஓடுகிறது என்று பார்த்து மரத்தில் ரிப்பன் கட்டுங்கள். வெட்டுவதற்கு நல்ல நேரம் மார்கழியும் தையும். மண் அப்போதுதான் பதமாக இருக்கும், மாசி முடிந்தால் கடப்பாரை எகிறும். சரிவு அளக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை, கொத்தனார் வைத்திருக்கிற டியூப் மட்டம் போதும். முப்பது அடி டியூபில் தண்ணீர் ஊற்றி, குமிழி இல்லாமல் பார்த்து, இரண்டு கம்பில் கட்டினால் 20 அடி தூரத்தில் எத்தனை அங்குலம் இறக்கம் என்று துல்லியமாகக் கிடைக்கும். ஃபோன் செயலி இரண்டு மூன்று டிகிரி முன்னே பின்னே காட்டினாலே நம் ஊர்ச் சரிவில் கணக்கு தலைகீழாகிவிடும். ஆயுதம் என்றால் மண்வெட்டி, கடப்பாரை, களைக்கொத்து, அரிவாள், ஒரு கைரம்பம், இரண்டு இரும்புச் சட்டி, மண்ணை இடித்து இறுக்க ஒரு திமிசு. வெளிநாட்டு வீடியோக்களில் வருகிற விசித்திரமான கருவிகள் செய்கிற வேலையில் முக்கால்வாசியை நம் மண்வெட்டி செய்துவிடும், பின்புறத்தால் தட்டினால் மேற்பரப்பும் இறுகும்.

இப்போது நீங்கள் கேட்ட ஜம்புக்கு வருகிறேன். முதல் ஜம்ப் 2 அடி உயரம், ஏறும் மேடு முடிந்து சைக்கிள் காற்றில் கிளம்புகிற விளிம்பில் 25 டிகிரி, அதற்கு மேல் வேண்டாம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், பள்ளிக்கூடத்து எறிபொருள் கணக்குதான், காற்றின் தடையையும் நீங்கள் உடம்பால் எம்பி எழுவதையும் சேர்க்கவில்லை. விளிம்பை விடும்போது வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் அதே மட்டத்தில் சுமார் 8 அடி தள்ளி இறங்குவீர்கள். 25 கிலோமீட்டர் என்றால் 12 அடி. ஐந்து கிலோமீட்டர் வித்தியாசத்துக்கு நான்கு அடி. இதில் பலரும் கவனிக்காத ஒன்று, மேட்டில் ஏறும்போதே வேகம் குறைந்துவிடும். 2 அடி ஏறிய பிறகு 20 மிஞ்ச வேண்டும் என்றால் மேட்டின் அடியில் 24 கிலோமீட்டர் வேகத்தில் வர வேண்டும். அடியில் 20 என்றால் விளிம்பில் 16 கூட இருக்காது, 5 அடியில் விழுந்துவிடுவீர்கள்.

அந்த 24 எங்கிருந்து வரும்? மிதிக்காமல் சரிவிலேயே வர வேண்டும் என்றால், இழப்பே இல்லை என்று வைத்தாலும் ஏழரை அடி இறக்கம் வேண்டும், சரளை மண்ணில் டயர் தின்கிற வேகத்தைச் சேர்த்தால் நம் ஊர்ச் சரிவில் அது எட்டாத காரியம். ஆகவே மிதித்துத்தான் வேகம் எடுப்பீர்கள். மலையிலிருந்து வருகிற வேகம் தினமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும், காலால் வருகிற வேகம் ஆளுக்கு ஆள், காலை மாலை, சாப்பிட்டது சாப்பிடாதது என்று மாறும். அந்த நான்கு அடி வித்தியாசம் தினமும் வந்துகொண்டே இருக்கும். இதனால்தான் நடுவில் பள்ளம் விட்ட டபுள் ஜம்ப் நம் ஊருக்கு ஆகாது என்கிறேன். நடுவையும் மண்ணால் நிரப்பிய டேபிள்டாப் கட்டுங்கள். வேகம் குறைந்தால் மேலேயே இறங்கி உருண்டு போய்விடலாம். தட்டையான மேல்பகுதி 6 அல்லது 7 அடி இருக்கட்டும், இறங்கும் சரிவு ஏறும் சரிவைவிடக் கொஞ்சமாவது படுத்தும் தாராளமாகவும் இருக்கட்டும், அதற்குப் பிறகு நேரான ஓட்டம் குறைந்தது முப்பது அடி, அதில் மரமோ வளைவோ கூடாது. இறங்கும் சரிவில் இறங்கினால் அடி தெரியாது, அதைத் தாண்டிச் சமதரையில் விழுந்தால் மொத்த அடியும் மணிக்கட்டுக்கும் இடுப்புக்கும்தான், உயரத்தைவிட இதுதான் ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறது.

ஏறும் மேடு நேர்ச் சாய்வாக இருக்கக் கூடாது, வளைவாக இருக்க வேண்டும். 2 அடி உயரத்தில் 25 டிகிரி வர, சுமார் 21 அடி ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு தேவை, மேட்டின் நீளம் 9 அடி வரும். ஒரு முளை அடித்து 21 அடிக் கயிறு கட்டித் தரையில் சுண்ணாம்புத் தூளால் அந்த வளைவைக் கீறி, அட்டையில் வெட்டி அச்சு வைத்துக்கொள்ளுங்கள். ஆரத்தைச் சுருக்கி மேட்டைக் குட்டையாக்கினால் முன்சக்கரம் திடீரென்று மேலே உதைக்கும், பழகாதவர்கள் காற்றில் பின்னால் சாய்வது அதனால்தான்.

இதற்கு எவ்வளவு மண் தெரியுமா? மேலே 4 அடி அகலம், பக்கச் சரிவு, திமிசு போட்டு இறுகுவது எல்லாம் சேர்த்தால் தளர்மண் கணக்கில் இரண்டு யூனிட்டுக்குப் பக்கம், அதாவது ஏறத்தாழ 200 கன அடி. ஒரு சட்டிக்கு மூன்றில் ஒரு கன அடி என்று வைத்தால் ஐந்நூறு சட்டிக்கு மேல் சுமக்க வேண்டும். நான்கு பேருக்கு ஒரு ஜம்புக்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விடும், அதுவும் மண் பக்கத்திலேயே கிடைத்தால். நாலைந்து ஜம்ப் என்று கேட்டிருந்தீர்கள், அதற்குப் பதிலாக ஒரு ஜம்பும், அதற்கு முன்னால் ஒரு அடி உயரத்தில் பத்தடிக்கு ஒன்றாக ஐந்தாறு உருளை மேடுகளும் வையுங்கள். அந்த மேடுகளில் கை காலை மடக்கி நீட்டி மிதிக்காமலே வேகம் எடுக்கப் பழகலாம், சமதரை ஊருக்கு இதைவிட நல்ல விளையாட்டு கிடையாது, அதில் தேறியவனுக்குத்தான் ஜம்பும் ஒழுங்காக வரும். மண் வெளியிலிருந்து லோடு வாங்குவதாக இருந்தால் பெர்மிட் உள்ள இடத்தில் வாங்குங்கள், ராத்திரியில் வருகிற மலிவு லோடு உங்களையும் சேர்த்து இழுத்துவிடும்.

மண் விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். செம்மண் சரளை, சாலைக்காரர்கள் கிராவல் என்பது, இறுக்கினால் அப்படி நிற்கும். மேலாக இருக்கிற உருண்டைச் சரளை மட்டும் தனியாக விட்டால் டயருக்குக் கீழே கோலிக்குண்டு போல உருளும், அதனால் மேல் இரண்டு அங்குலத்துக்கு மண்ணைச் சலித்துப் போடுங்கள். ஈரப் பதம் பார்க்கக் கைதான் கருவி. ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். கையை விரித்தால் விரல் பதிந்த உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக் கூடாது. முழங்கால் உயரத்திலிருந்து போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். மாவாகச் சிதறினால் தண்ணீர் போதாது, அப்பிக்கொண்டு நசுங்கினால் அதிகம், ஒரு நாள் காய விடுங்கள். இந்தப் பதத்தில் தட்டினால்தான் மண் அதிகம் இறுகும் என்பதை 1933இலேயே ரால்ஃப் பிராக்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர் சோதனையில் காட்டிவிட்டார், இன்றைக்கும் சாலை வேலையில் நாங்கள் செய்கிற சோதனைக்கு அவர் பெயர்தான். ஆறு அங்குலத்துக்கு ஒரு அடுக்கு போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திமிசால் சத்தம் மாறும்வரை தட்டுங்கள். பொதுக்கென்று விழுகிற சத்தம் போய் டங்கென்று கேட்க ஆரம்பிக்கும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் தட்டினால் வெளியே கல்லாகவும் உள்ளே மாவாகவும் இருக்கும், முதல் மழையில் நடுவில் குழி விழும். கட்டி முடித்து ஒரு வாரம் மேலே சாக்கு போட்டுக் காலையில் தண்ணீர் தெளித்து மெதுவாகக் காயவிடுங்கள், வெயிலில் சுட விட்டால் வெடிக்கும்.

வெளிநாட்டு வீடியோவில் உள்ளே மரக்கட்டை அடுக்கி மேலே மண் போடுவார்கள். குளிர்க் காட்டுக்கு அது சரி, இங்கே கறையான் இருக்கிறது. தைலமரக் கட்டையை உள்ளே புதைத்தால் ஓரிரு வருஷத்தில் அது வெற்றிடம், அதற்கு மேல் ஒரு நாள் உங்கள் முன்சக்கரம். செம்புறாங்கல் போட்டு நிரப்பலாம், இடுக்கெல்லாம் மண் கெட்டித்து, மேலே ஒரு அடி மண் இருந்தால் போதும். ஆனால் கல் எங்கே எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். தரையில் செம்புறாங்கல் வட்டமாகப் பதிந்து கிடந்தால் அதில் ஒரு கல்லைக்கூட அசைக்காதீர்கள். அது பெரும்பாலும் பெருங்கற்காலக் கல்வட்டம், புதுக்கோட்டைப் பக்கம் நிறைய உண்டு, கீழே ஈமக்குழி இருக்கும். தோண்டும்போது தடித்த பானை விளிம்பு தட்டுப்பட்டாலும் அங்கேயே நிறுத்தி மண்ணை மூடி வட்டாட்சியர் அலுவலகத்தில் சொல்லுங்கள். பாம்புப் புற்று மண் நன்றாகப் பிடிக்கும் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். பிடிக்கும்தான், ஆனால் மஞ்சள் குங்குமம் வைத்த புற்றை இடித்தவனுக்கு அந்த ஊரில் அடுத்த நாள் பாதை கிடையாது. சிமெண்ட் கலக்கலாமா என்றும் கேட்பார்கள். கலந்தால் விளிம்பு கடினமாகும், ஓரம் பொட்டுப் பொட்டாக உடையும், பிறகு திருத்தவே முடியாது. என் கருத்தில் வேண்டாம். வேறு கருத்து வைத்திருக்கிற நல்ல கட்டுநர்களும் இருக்கிறார்கள்.

ஆடு பற்றி யாரும் எழுதுவதில்லை. நீங்கள் கட்டி முடித்த மறுநாள் காலையில் மேட்டின் உச்சியில் ஒரு கிடாய் நின்றுகொண்டிருக்கும், உயரமான இடம் எங்கே இருந்தாலும் அதற்கு அங்கே ஏறியாக வேண்டும். குளம்பு விளிம்பை மட்டும் பார்த்து நறுக்கும். மேய்க்கிற அண்ணனிடம் முதல் நாளே பேசி, டீ வாங்கிக்கொடுத்து, எந்த நேரத்தில் எந்தப் பக்கம் மேய்ச்சல் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சைக்கிள் வேகமாக வருகிற இடத்தில் அவருடைய தடம் குறுக்கே வந்தால் உங்கள் பாதைதான் வளைய வேண்டும். ஓட்டாத நாளில் விளிம்பின் மேல் சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போடுகிறார்கள் சிலர். அது வேண்டாம். முள் அங்கேயே உதிர்ந்து மண்ணில் புதையும், அடுத்த வாரம் உங்கள் டயரில் ஏறும். பாதைக்காகக் கருவேலம் வெட்டினால் தரையோடு வெட்டுவதில் பயனில்லை, நாலு மாதத்தில் நாலு கிளையாகத் துளிர்க்கும், தூரோடு கெல்லி எடுங்கள், வெட்டிய கிளையைப் பாதையிலிருந்து நன்றாகத் தள்ளிக் குவியுங்கள். டியூப்லெஸ் டயரில், முள் குத்திய ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கிற சீலண்ட் திரவம் ஊற்றாமல் இந்தக் காட்டுக்குள் ஓட்டுவது பஞ்சர் ஒட்டுகிறவருக்குத்தான் லாபம்.

தைலமர வெட்டுக்குப் பிறகு தரையோடு நிற்கும் தூர்கள் சருகுக்குள் மறைந்திருக்கும். ஜம்பின் இரண்டு பக்கமும் ஆறடி, இறங்குகிற இடத்துக்குப் பின்னால் முழு ஓட்டத்துக்கும், கையால் சருகை விலக்கி ஒவ்வொரு தூரையும் தேடிக் கெல்லுங்கள். கையால் என்றால் கம்பால். சருகுக்கும் கல்லுக்கும் அடியில் சுருட்டை விரியன் இருக்கும், காய்ந்த செம்மண் பூமி அதற்குப் பிடித்த இடம். கல்லைப் புரட்டும்போது மண்வெட்டியால் உங்கள் பக்கமாக இழுத்துப் புரட்டுங்கள், கல் உங்களுக்கும் அதற்கும் நடுவில் நிற்கும். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது, அசையாமல் வைத்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108க்குச் சொல்லும்போது காட்டுக்குள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லத் தெரியாமல் தவிப்பார்கள், தார்ச்சாலையிலிருந்து வண்டி வரக்கூடிய இடத்தின் லொகேஷனை நான்கு ஃபோனிலும் முன்கூட்டியே சேமித்து வையுங்கள். தனியாக யாரும் ஜம்ப் பக்கம் போகக் கூடாது. ஹெல்மெட் முழுமுக ரகமாக இருந்தால் நல்லது, முட்டிக்கவசம் கட்டாயம்.

நான் இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாதது உங்கள் நிலத்தின் சாய்வும் மண்ணின் ஆழமும். சில இடத்தில் ஒரு அடிக்குக் கீழே செம்பாறை இறுகிக் கிடக்கும், அங்கே மண் எடுக்கவே முடியாது, தண்ணீரும் இறங்காது, கணக்கெல்லாம் மாறும். ஆகவே நான்கு இடத்தில் இரண்டடிக் குழி தோண்டிப் பாருங்கள், குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வடிய எவ்வளவு நேரம் என்று பாருங்கள், டியூப் மட்டத்தில் 100 அடிக்கு எவ்வளவு இறக்கம் என்று அளந்துகொள்ளுங்கள். அ பதிவேட்டில் என்ன இருந்தது என்பதையும் சேர்த்து இங்கேயே எழுதுங்கள், பாதை எந்தப் பக்கம் வளைய வேண்டும், மண் எங்கே எடுக்கலாம் என்று அப்போது சொல்கிறேன்.